தூதுவருக்கு எழுதிய வாழ்த்துப்பா

இந்திய இராணுவம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த மாதங்களில் எங்கள் ஊருக்கு ஒரு கொம்பனி வந்தது. முந்திரிகைப் பழத்தில் ரசம் எடுத்துப் போத்தலில் அடைக்கிற கொம்பனி. முந்திரிகை என்று நாங்கள் சொல்வது பந்தலில் குலைகுலையாகக் காய்ப்பதை. மற்ற இடங்களில் திராட்சை என்பார்கள். தலைமையகம் கொழும்பில். பண்டத்தரிப்புக்குக் கிட்ட, எங்கள் ஊரில் தொழிற்சாலை கட்டுவதாகத் திட்டம். ஆனால் தோட்டக்காரர்கள் புகையிலையையும் வெங்காயத்தையும் கொஞ்சம் குறைத்து முந்திரிகைப் பந்தல் போட ஒத்துக்கொண்டால்தான் கட்டுவார்களாம். அதுவரைக்கும் மானிப்பாயில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து அலுவலகம் என்று பெயர்ப்பலகை போட்டிருந்தார்கள். அந்த அலுவலகத்தின் ஒரே எழுதுவினைஞன் நான். தற்காலிகம். தோட்டக்காரர் ஓம் என்றால் நிரந்தரம். இல்லையென்றால் அறையைப் பூட்டி என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். ஐயா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா மற்றவர்களின் தோட்டத்தைக் கொத்திக் கொத்தியே போய்ச்சேர்ந்தார். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவள். காலையில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நான் சைக்கிளை உருட்டும்போது அவள் வாசல் படலைவரை வருவாள். என்னைப் பார்க்கமாட்டாள், நான் போவதை றோட்டில் யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். இந்த வேலை போனால் அவள் அந்தப் படலையில் எப்படி நிற்பாள் என்ற நினைப்பு வேறு கூடவே வரும்.

கொம்பனியின் தலைவர் எங்கள் ஊரவர். கோயில் வீதியில் இருக்கிற மேல்மாடி வீட்டில் பிறந்து, கொழும்புக்குப் படிக்கப் போய், வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நாடுகளில் இலங்கைத் தூதுவராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு கொம்பனியின் பணிப்பாளர் சபைக்குப் போனார். கொஞ்சக் காலத்தில் தலைவரானார். என் வயதுக்காரர் யாரும் அவரை நேரில் கண்டதில்லை. ஆனாலும் அவர் எங்களுடையவர். ஊரில் ஒரு பிள்ளை கெட்டித்தனமாக ஏதாவது கதைத்தால், "உவர் அம்பாசிடராப் போகப்போறார்" என்று சொல்வது வழக்கம்.

அப்படிப்பட்டவர் ஏன் கொம்பனிக்குப் போனார் என்பது ஊருக்கு விளங்கவேயில்லை. அரசாங்க உத்தியோகம்தான் எங்களுக்கு உத்தியோகம். மற்றதெல்லாம் அது கிடைக்காதவன் செய்வது. சனசமூக நிலையத்தில் பேப்பர் வாசிக்க வருகிறவர்கள் இதை ஒரு துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தார்கள்.

"அம்பாசிடரா இருந்த மனிசனுக்குப் பென்சன் காணாமலே போகும்?"

"கொம்பனியிலை காசில்லாமல் ரெயிலிலை போக வாரன்ரும் இல்லையாம், பாவம்."

"விசர்க் கதை கதையாதை. அங்கை அவர் சேர்மன்."

"சேர்மனோ! என்ரை மச்சானும் கிராமச் சங்கத்துக்குச் சேர்மனா இருந்தவன்தான். எங்கடை ஒழுங்கைக்கு ஒரு கடகம் கல்லுப் போடுவிக்கேல்லை."

இந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் நிலையத் தலைவர். வேலையிலிருந்து இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்டர் அவர். தோட்டக்காரர் கூட்டத்துக்குக் கொம்பனித் தலைவரே நேரில் வருகிறார் என்று நான் போய்ச் சொன்னதும், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அவர் கொம்பனி விசயமா வந்தால் வரட்டும். நாங்கள் வரவேற்கிறது தூதுவரை" என்றார். அதோடு ஒரு பொறுப்பையும் என் தலையில் வைத்தார். "வாழ்த்துப்பா ஒண்டு வேணும், தம்பி. நீதானே படிச்சவன். எழுது."

பெரிய மனிதர் ஒருவர் ஊருக்கு வந்தால் அவர்மேல் ஒரு வாழ்த்துப்பா பாடி, அதைத் தடித்த அட்டையில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் மிகைப்படுத்துவது யாருக்கும் குற்றமாகப் படாது. நானோ மிகைப்படுத்தக்கூடாது என்று நினைக்கிற பேர்வழி. கொழும்பிலிருந்து வந்த கடுதாசியில் அவருடைய பதவிகளெல்லாம் வரிசையாக இருந்தன. பனிகொட்டும் நாடு, பாலைவன நாடு, தீவு நாடு என்று ஒன்றுக்கு ஒரு பாட்டு வைத்து, எதுகை பிசகாமல் எழுதினேன்.

எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அக்கா உலையில் அரிசி போட்டபடி கேட்டாள். அத்தான் கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்து குசினி வாசலில் குந்தியிருந்தார்.

அத்தான் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். எண்பத்திமூன்று ஆடிக் கலவரத்தில் கடையும் எரிந்துபோய், அவர் படுத்த மேலறையும் போய், உடுத்த சாரத்தோடு அகதி முகாமில் கிடந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். அதற்குப் பிறகு கொழும்புக்குப் போகவில்லை. கூலிக்குத் தோட்டம் கொத்தினார். முகாமைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். சொன்னால் ஒரே ஒரு விசயத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்வார்: யாரோ ஒருவரிடம் ஒரு சின்ன ரேடியோ இருந்ததாம், ஆண்களெல்லாம் அதைச் சுற்றிக் குந்தியிருந்து வெளிநாட்டுச் செய்தி கேட்பார்களாம், வெளியே இருக்கிறவர்களுக்கு எங்கள் நிலைமை தெரியுமா தெரியாதா என்று அவர்களுக்குள் வாக்குவாதம் நடக்குமாம். அப்போது அத்தான் சொல்வாராம்: எங்கடை ஊர் ஆள் ஒருத்தர் தூதுவராய் இருக்கிறார், அவர் சும்மா இருக்கமாட்டார்.

வாசித்து முடித்ததும் அத்தான் தலையாட்டினார். "நல்லாத்தான் கிடக்கு. ஆனால் அந்த எண்பத்திமூண்டைப் பற்றி ஒண்டையும் காணேல்லையே."

"அதைப்பற்றிக் கடுதாசியிலை ஒண்டும் இல்லை அத்தான்."

"கடுதாசியிலை ஏன் போடப்போறாங்கள்? அந்தாள் அந்த நேரம் அங்கை தூதுவரா இருந்தவர். எங்கடை ஆள். சொல்லாமல் விட்டிருப்பாரே?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. சந்தேகம் என்று ஒன்று வந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். அத்தானைப் போலவே நானும் நம்பினேன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அங்கேயே இருந்து இரண்டு வரி சேர்த்தேன்:

தீயிலே நாம்துடித்த செய்தியைத் தேசமெல்லாம்
வாயினால் எடுத்துரைத்த வல்லவா வாழி வாழி!

"அதுதான்" என்றார் அத்தான். அக்காவைப் பார்த்து, "கேட்டியே?" என்றார். பாட்டில் தன்னுடைய பங்கும் ஒன்று இருப்பதில் அவருக்கு அத்தனை புளுகம், முகமெல்லாம் சந்தோசம்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், சனசமூக நிலைய முற்றத்தில். நிறைகுடம் வைத்து, குத்துவிளக்குக் கொளுத்தி, மாலை போட்டார்கள். தலைவர் மெலிந்த உயரமான மனிதர். வேட்டிதான் கட்டி வந்தார். அவருடைய பேச்சுத் தமிழ் என் பாட்டன் காலத்தது. ஊரைவிட்டுப் போன நாளில் எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருந்தார். பந்தலுக்குக் கம்பியும் தூணும் கொம்பனி தரும், விலை முன்கூட்டியே பேசப்படும், மூன்று வருசத்துக்கு வாங்குவதற்கு உத்தரவாதம் என்றெல்லாம் நிதானமாகச் சொன்னார். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தோட்டக்காரர்கள் ஆளையாள் பார்த்துத் தலையாட்டினார்கள். இனி நிரந்தரம்தான் என்று நினைத்தேன்.

பிறகு நான் எழும்பி வாழ்த்துப்பாவை இராகம் போட்டு வாசித்தேன். அந்த இரண்டு வரி வந்தபோது முற்றமே கைதட்டியது. மற்ற எந்த வரிக்கும் அப்படித் தட்டவில்லை. தலைவர் மட்டும் தலையைக் குனிந்தபடி இருந்தார். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்ரேசன் மாஸ்டர் சட்டத்தை அவர் கையில் கொடுத்தார். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆருக்கும் ஏதும் கேட்கிறதெண்டால் கேட்கலாம்" என்றார் ஸ்ரேசன் மாஸ்டர். கம்பியைப் பற்றியும் உரம் பசளையைப் பற்றியும் கேட்பார்கள் என்று நினைத்துத்தான் சொன்னார்.

பின்வரிசையில் அத்தான் எழும்பினார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டார். தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்கு உடம்பு கூசியது. ஒரு துண்டுக் காணிகூட இல்லாதவர், இவருக்கு இங்கே என்ன கேள்வி? அவர் என் அத்தான் என்பது தலைவருக்குத் தெரியாமல் இருக்கவேண்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை நான் தடுக்கவும் இல்லை.

"ஐயா, நான் அந்த நேரம் கொழும்பிலை காம்பிலை கிடந்தனான்" என்றார் அத்தான். குரலில் குற்றச்சாட்டு ஒரு துளியும் இல்லை. கலியாண வீட்டில் மாப்பிள்ளையிடம் கதை கேட்கிறவரைப் போல முகமெல்லாம் சிரிப்பு. "நீங்கள் அங்கை எங்களைப் பற்றி என்ன சொன்னனீங்கள் எண்டு உங்கடை வாயாலை கேட்க ஆசையாக் கிடக்கு."

தலைவர் எழும்பினார். சட்டத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். "அந்த நாட்களிலை எல்லாரும் அவரவர் இருந்த இடத்திலை இருந்து, செய்யக்கூடியதைச் செய்தோம்" என்றார்.

அத்தனை பேரும் அதோடு விட்டிருப்பார்கள். அத்தானுக்கு அது விடையாகவே படவில்லை. "ஓம் ஐயா, அதுதான். என்ன சொன்னனீங்கள்?"

தலைவர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நினைத்திருந்தால் எதையும் சொல்லியிருக்கலாம். சரிபார்க்க அங்கே யார் இருந்தார்கள்? "நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை" என்றார் கடைசியில். "பேப்பர்க்காரர் வந்து கேட்டவை. நிலைமை கட்டுப்பாட்டுக்குள்ளை இருக்கு, கேள்விப்படுகிறதெல்லாம் மிகைப்படுத்தின கதை எண்டு சொன்னன். அப்பிடித்தான் சொல்லச் சொல்லிக் கொழும்பிலையிருந்து வந்தது. சொன்னன்."

இரண்டு வரியையும் இராகம் போட்டு வாசித்தவன் நான். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தலைவரின் முகத்தைப் பார்க்க வெட்கம்; அத்தானின் முகத்தைப் பார்க்க அதைவிட வெட்கம். அத்தானின் சிரிப்பு உடனே போகவில்லை. சிரிக்கிற காரணம் போய்விட்டது. முகம்தான் அதை இன்னும் அறியவில்லை.

காப்பாற்றியவர் ஸ்ரேசன் மாஸ்டர். "உத்தியோகம் எண்டால் அப்பிடித்தானே" என்றார், எல்லாருக்கும் கேட்க. "நானும் அந்தக் கிழமை தெற்கிலை ஒரு ஸ்ரேசனிலை நிண்டனான். வெளியிலை கடையள் எரியுது. மேலிடத்துக்கு என்ன அறிவிச்சனான்? வழமைபோல, ரெயில் நேரத்துக்கு ஓடுது எண்டு அறிவிச்சனான். சம்பளம் தாறவன் கேட்கிறதைத்தானே சொல்லவேணும்."

"மாஸ்டர், எரிஞ்சதை மறைச்சதைக்கூட மன்னிக்கலாம்" என்று நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்கடை ரெயில் நேரத்துக்கு ஓடினதெண்டியள் பாருங்கோ, அதைத்தான் மன்னிக்கேலாது."

முற்றம் முழுக்கச் சிரித்தது. தலைவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். பாதிப்பேர் அரசாங்கச் சம்பளத்தில் சீவித்த ஊர் அது. அவர்களுக்கு இது விளங்கிவிட்டது, விளங்கியதும் விசயம் முடிந்துவிட்டது. சிரிப்பு அடங்கமுன் ஒருவர், "அப்ப கம்பி எப்ப வரும்?" என்று கேட்டார். பந்தல் போட ஓம் என்று கைகள் உயர்ந்தன. எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. அத்தான் எப்போது திரும்ப உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது துவாயை மடியில் விரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது தலைவர் என்னைத் தன் காரில் ஏறச் சொன்னார். மானிப்பாய் அலுவலகம் வரைக்கும் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். சட்டம் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது.

"அந்த வரி ஆர் எழுதினது?"

"நான்தான் ஐயா."

"ஆரும் சொல்லி எழுதினீரோ?"

"இல்லை ஐயா. நீங்கள் சொல்லியிருப்பியள் எண்டு நினைச்சன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒருத்தரும் என்னை அப்பிடி நினைச்சதில்லை" என்றார். "அந்த நேரம் நான் வேலையை விட்டிருக்கலாம். மனிசியும் விடச் சொன்னவ. பென்சன் முழுசாக் கிடைக்க இன்னும் கொஞ்சக் காலம் கிடந்தது. அதுக்குப் பிறகும் ஒரு நாட்டுக்குப் போனன், பெரிய வீடு, கொடி போட்ட கார். தூதுவர் எண்டால் மற்றவன் எழுதித் தந்ததைப் பிசகாமல் சொல்லுறவன், தம்பி. கொம்பனிக்கு வந்தால் என்ரை வாயாலை என்ரை கதையைச் சொல்லலாம் எண்டு நினைச்சன்." ஒருமுறை சிரித்தார். "இஞ்சை பணிப்பாளர் சபை எழுதித் தருது."

அப்படி ஒருவர் என்னிடம் கதைத்ததில்லை. "ஓம் ஐயா" என்றேன்.

"உம்முடைய வேலை நிரந்தரம். திங்கட்கிழமை தந்தி அடிச்சு விடுறன்." பிறகு சட்டத்தைத் தொட்டார். "இதை நான் கொண்டுபோகேலாது. அந்த வரி இல்லாமல் வேறை ஒண்டு அடிச்சுத் தாரும். பொய்யை வீட்டிலை கொழுவி வைக்கேலாது."

அவர் கேட்டது நேர்மையான விசயம். எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரியை எடுத்தால், அந்த ஆடி மாதமே அவருடைய வாழ்த்துப்பாவில் நடக்காததாகிவிடும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிரந்தரம் என்று கேட்டு இன்னும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனைக்கும் அந்த நிரந்தரம் ஆனி மாதம் வரைக்கும்தான் நிலைத்தது. சண்டை மறுபடி தொடங்கிப் பாதை பூட்டுப்பட, கொம்பனியும் போய்விட்டது. அது அப்போது யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா கையைத் துடைத்துவிட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அத்தான் கிணற்றுக்கட்டில் இருந்தார். "நிரந்தரமோ?" என்றார். "ஓம்." "நல்ல விசயம். அக்காவுக்கு இனி நிம்மதி."

வரியை மாற்றச் சொன்னதையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கும் நல்லது.

"அந்தாள் உண்மையைச் சொல்லிப்போட்டார். அதிலை பிழையில்லை" என்றார். "எனக்கு என்னெண்டால், காம்பிலை எனக்குப் பக்கத்திலை ஒரு வாத்தியார் கிடந்தவர். பெண்சாதி எங்கையெண்டு தெரியாது. ஒவ்வொரு நாளும் கேட்பார், 'தம்பி, உங்கடை ஊர் ஆள் இப்ப சொல்லியிருப்பாரே?' எண்டு. நான் சொல்லுவன், 'சொல்லியிருப்பார் வாத்தியார், நீங்கள் படுங்கோ.' அதைக் கேட்டுப்போட்டுத்தான் அந்த மனிசன் படுக்கும். இப்ப எங்கை இருக்கிறாரோ. நான் அந்தாளை எல்லோ ஏமாத்திப்போட்டன்."

"நீங்கள் ஏமாத்தேல்லை, அத்தான்."

"பின்னை ஆர்?"

உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டவர்போலத்தான் கேட்டார். நான் படித்தவன், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார். தலைவர், ஸ்ரேசன் மாஸ்டர், கொழும்பிலிருந்து வந்த உத்தரவு என்று ஒவ்வொன்றாக மனதில் வந்தது. ஒன்றையும் வாயால் சொல்லமுடியவில்லை. காரில் இருந்து இறங்கி வந்தவன் நான். அந்த முற்றத்தில் வெட்கப்பட வேண்டியவர்கள் எத்தனையோ பேர் இருந்தோம். எல்லாருமாகச் சிரித்துவிட்டு எழும்பி வந்தோம். வெட்கத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர் இவர் ஒருவர்.

"கேட்டால் மாத்திக் குடுக்கத்தானே வேணும்" என்றாள் அக்கா உள்ளே இருந்து. "இருந்து எழுதன். திங்கள் விடிய அச்சுக்கூடத்திலை குடுக்கலாம்."

விறாந்தையில் இருந்து எழுதினேன். வழக்கத்தைவிடச் சுலபமாக வந்தது.

தோட்டமெல்லாம் முந்திரிகைத் தோரணம் தொங்கவைக்க
நாட்டமுடன் வந்துநின்ற நல்லவா வாழி வாழி!

அத்தான் கேட்டார் என்று வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், முதல்முறை கேட்டதைப் போலவே.

"நல்லாயிருக்கு" என்றார். "இதுக்கும் கைதட்டுவினம்."